சவ்வுப் புரதம் எந்த வீட்டில் சாகிறது? அளக்க நான்கு வழிகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், டீ ஆறிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தின் புது ஜூனியர் நோட்டை நீட்டினாள். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வந்து போகிறவள்.

"அக்கா, எட்டு மியூட்டண்ட் இருக்கு. எல்லாமே ஹெர்க். எது எவ்வளவு சீக்கிரம் சிதையுதுன்னு மூணு மாசத்துல மேடம்கிட்ட சொல்லணும். சைக்ளோஹெக்சிமைடு போட்டுப் பார்த்தா போதாதா?"

மியூட்டண்ட் என்றால் சடுதிமாற்றம் பெற்ற புரதம்; சைக்ளோஹெக்சிமைடு, செல்லில் புதுப் புரதம் உண்டாவதை நிறுத்தும் மருந்து. போதும் என்றும் சொல்லலாம், போதாது என்றும் சொல்லலாம். அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வளர்ப்புச் செல்லில் சவ்வுப் புரதத்தோடு மல்லுக்கட்டும் வேறு யாருக்காவது உதவலாம்.

முதலில் ஹெர்க் பற்றி. இதயத் தசைச் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் பொட்டாசியம் கால்வாய் இது. 1159 அமினோ அமிலம் கொண்ட சங்கிலி, சவ்வை ஆறு முறை ஊடுருவிச் செல்லும். அப்படி நான்கு சங்கிலி சேர்ந்தால் ஒரு கால்வாய். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு செல்லின் மின்னழுத்தம் பழைய நிலைக்கு இறங்க இது திறந்தாக வேண்டும். கால்வாய் போதவில்லை என்றால் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீளும். நோயாளிக்கு மயக்கம் வரும், சிலருக்குத் திடீர் மரணம். இந்த மரபணுவில் ஏற்படும் சடுதிமாற்றங்கள் நீள் க்யூ.டி. நோய்க்குக் காரணம் என்பது 1995-இல் தெரியவந்தது. கால்வாய் திறக்காததுதான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய ஹெர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சிக்கலே எழுவதில்லை. அவை சவ்வு வரைக்கும் வந்து சேர்வதே இல்லை.

சவ்வுப் புரதத்துக்கும் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு உண்டு. பிறந்த வீடு எண்டோபிளாச வலைப்பின்னல், புகுந்த வீடு செல்லின் வெளிச்சவ்வு. பிறந்த வீட்டில் ஹெர்க்குக்கு ஒரு சர்க்கரைச் சங்கிலி மாட்டப்படும். அப்போது அதன் எடை சுமார் 135 கிலோடால்டன். புரதத்தின் மடிப்பு சரியாக இருந்தால், கோல்கை என்ற செல் உறுப்பு வழியாகப் போகும்போது அந்தச் சர்க்கரை பெரிதாகி 155 ஆகிவிடும். அதனால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் பட்டையாகக் காட்டும் முறை) தெரியும் இரண்டு பேண்டும் இரண்டு முகவரி மாதிரி. கீழ் பேண்ட் இன்னும் பிறந்த வீட்டில் இருப்பது, மேல் பேண்ட் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

சாவும் அப்படித்தான், இரண்டு இடத்தில் இரண்டு விதம். மடிப்பு கோணினால் பிறந்த வீட்டுக் காவலாளிப் புரதங்கள் விடமாட்டா. சவ்விலேயே உட்கார்ந்திருக்கும் எச்.ஆர்.டி.1 போன்ற நொதிகள் யூபிக்விட்டின் முத்திரை குத்தும். பி97 என்ற இயந்திரம் சங்கிலியைச் சவ்விலிருந்து உருவி வெளியே இழுக்கும். புரோட்டியாசோம் அதை நறுக்கும். (யூபிக்விட்டின் வழிச் சிதைவைக் கண்டுபிடித்த சீகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.) புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சாவது வேறு கதை. அங்கே புரதம் குமிழாக உள்ளே இழுக்கப்பட்டு, பெரும்பாலும் செல்லின் செரிமான அறையான லைசோசோமில் முடியும்.

"எது சீக்கிரம் சிதையுது" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். இதற்கு நல்ல சாட்சி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் சி.எஃப்.டி.ஆர். புரதம். 1480 அமினோ அமிலத்தில் 508-ஆவதான பீனைல்அலனின் ஒன்று விடுபட்டிருக்கும். 1989-இல் கண்டறியப்பட்டது. இந்தப் புரதம் ஏறக்குறைய முழுவதும் பிறந்த வீட்டிலேயே அழிந்துவிடும். செல்லை 30 டிகிரிக்குக் கீழே வைத்து வளர்த்தால் கொஞ்சம் தப்பித்து மேல்சவ்வுக்கு வரும் என்று 1992-இல் காட்டினார்கள். ஆனால் தப்பித்து வந்ததும் அங்கே நிலைப்பதில்லை, நல்ல புரதத்தைவிட வேகமாக உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைகிறது. மாற்றம் ஒன்றுதான், குறை இரண்டு. ஒரே அளவீட்டை வைத்திருப்பவருக்கு இதில் பாதிதான் தெரியும்.

சரி, இனி வழிகள்.

சைக்ளோஹெக்சிமைடு சேஸ்

ஏழை ஆய்வுக்கூடத்தின் தோழன். மில்லிக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் போட்டால் புரதம் கட்டும் ரைபோசோம் நின்றுவிடும், புதுப் புரதம் வராது. இருப்பது எப்படிக் கரைகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே போகலாம். தனிக் கருவி வேண்டாம், உரிமம் வேண்டாம்.

இது எதற்குத் தேவை என்று மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சொல்கிறேன். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கிறது. மோட்டார் சரியாக ஏற்றவில்லையா, அடியில் ஒழுகுகிறதா? மட்டத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. சாதாரண வெஸ்டர்ன் பிளாட் காட்டுவது மட்டத்தை. மோட்டாரை நிறுத்திவிட்டு மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்ப்பதுதான் சேஸ்.

சிக்கல் என்னவென்றால், சைக்ளோஹெக்சிமைடு ஊரிலுள்ள எல்லா மோட்டாரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. குறுகிய ஆயுள் கொண்ட யூபிக்விட்டின் நொதிகளும் சேர்ந்து குறையும். அப்போது உங்கள் புரதம் உண்மையைவிடத் திடமானதுபோலத் தெரியலாம். நான்கைந்து மணி நேரத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை. பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் செல்லே தள்ளாட ஆரம்பித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். அரைவாழ்வு, அதாவது புரதம் பாதியாகக் குறையும் நேரம், 2 மணி என்றால் 4 மணி நேரத்தில் மிச்சம் 25 சதவீதம். யார் ஓட்டினாலும் ஜெல்லில் பளிச்சென்று தெரியும். அரைவாழ்வு 24 மணி என்றால் 4 மணி நேரத்தில் மிச்சம் 89 சதவீதம். வெஸ்டர்ன் பிளாட்டில் 89-ஐயும் 100-ஐயும் பிரித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆக, இந்த முறை பிறந்த வீட்டில் சீக்கிரம் சாகும் மியூட்டண்டுகளுக்கு நன்றாக உழைக்கும், புகுந்த வீட்டில் மெதுவாகத் தேய்வதற்குச் சறுக்கும்.

இன்னொரு பொறி ஹெர்க்குக்கே உரியது. இரண்டு பேண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடுவார்கள். நல்ல ஹெர்க்கில் 135 பேண்ட் குறைவது சாவினால் மட்டும் அல்ல, ஒரு பங்கு 155 ஆக மாறியும் குறைகிறது. மியூட்டண்டில் 135 குறைந்து, 155 எந்த நேரத்திலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அது சாவு. இரண்டு பேண்டையும் தனித்தனியாக அளந்து தனித்தனிக் கோடு போட்டால்தான் இது பிடிபடும். நான் படித்த சில ஆய்வேடுகளில் இப்படிப் பிரிக்காமலே அரைவாழ்வு எழுதியிருந்தார்கள். அந்த எண் எதன் அரைவாழ்வு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாதிரியைக் கொதிக்க வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மாதம் பாழாக்கிய விஷயம். சாதாரணப் புரதத்துக்குச் செய்வதுபோல 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தேன். பல முறை சவ்வை ஊடுருவும் புரதம் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஜெல்லுக்குள் இறங்காமல், மாதிரியை ஊற்றும் கிணற்றின் வாயிலேயே கறுப்பாக நின்றுவிடும். அந்த இடத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, "பூஜ்ய மணியிலேயே புரதம் இல்லை, படு வேகமாகச் சிதைகிறது" என்று ஆய்வுக்கூடக் கூட்டத்தில் பேசினேன். இப்போது 37 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பதோடு சரி. ஜெல்லின் தலையை வெட்டுவதே இல்லை.

இதன் அண்ணன் மாதிரி இன்னொரு தவறு உண்டு. லேசான சோப்புக் கரைசலில் செல்லை உடைத்து, சுழற்றி, மேல் நீரை மட்டும் எடுப்போம். கோணிய சவ்வுப் புரதம் குவிந்து திரண்டால் அடியில் வண்டலோடு போய்விடும். மேல் நீரில் நேரம் ஆக ஆகக் குறையும். பார்ப்பதற்கு அச்சு அசல் சிதைவுதான். காணாமல் போனதெல்லாம் சிதைந்தது அல்ல. வண்டலை எஸ்.டி.எஸ். என்ற வலுவான சோப்பில் கரைத்துப் பக்கத்து வரிசையில் ஓட்ட வேண்டும், ஒரு முறையாவது. புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்.ஜி.132 போட்ட மாதிரிக்கு இது கட்டாயம், ஏனென்றால் அப்போதுதான் அதிகம் திரளும்.

எங்கே சாகிறது என்பதற்கு அந்த எம்.ஜி.132-ஐயும், லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பாஃபிலோமைசினையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்க்கலாம். எம்.ஜி.132-இல் 135 தேங்கினால் புரோட்டியாசோம், பாஃபிலோமைசினில் 155 தேங்கினால் லைசோசோம் என்பது பொதுவான வாசிப்பு. ஆனால் எம்.ஜி.132-ஐ இரவு முழுக்க வைக்காதீர்கள். முத்திரை குத்திய புரதம் தேங்கித் தேங்கி, செல்லில் வெறும் யூபிக்விட்டினே தீர்ந்துபோகும். பிறகு மேல்சவ்விலிருந்து உள்ளே இழுப்பதும் தடுமாறும், எதைத் தடுத்தோம் என்று சொல்ல முடியாது. நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும்.

அப்புறம் பஸ். 0, 1, 2, 4, 8, 12 மணி என்று ஜூனியர் நோட்டில் அழகாகப் போட்டிருந்தாள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் கடைசி மாதிரி இரவு ஒன்பதரை. முதுநகர் போய்ச் சேர்வது எப்போது? இதற்கு ஒரு பழைய சூட்சுமம் உண்டு: கடிகாரத்தைத் திருப்பிப் போடுவது. மருந்தைச் செல் வளரும் தட்டின் ஒவ்வொரு கிணற்றிலும் வெவ்வேறு நேரத்தில் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறுவடை செய்வது. 12 மணி நேரக் கிணற்றுக்குக் காலை ஆறு மணிக்கு விடுதியில் தங்கும் யாராவது மருந்தைச் சேர்த்தால், மாலை ஆறு மணிக்கு ஆறு மாதிரியும் ஒன்றாகப் பனிக்கட்டிக்கு வந்துவிடும். இதில் இன்னொரு லாபம், எல்லாச் செல்லும் ஒரே வயது.

கதிரியக்கப் பல்ஸ்-சேஸ்

முறை என்று பார்த்தால் இதுதான் ராஜா. மெத்தியோனின் இல்லாத ஊடகத்தில் செல்லை இருபது, முப்பது நிமிடம் பட்டினி போட்டு, கந்தகம்-35 ஏறிய மெத்தியோனினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊட்டி, பிறகு சாதா மெத்தியோனினை அள்ளிக் கொட்டிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்த குழந்தைகள் மட்டும் குறி பெற்றிருக்கும். நூற்றில் எத்தனை 155 ஆயின, எத்தனை 135-லேயே செத்தன என்று நேரடியாக எண்ணலாம். ரைபோசோமை நிறுத்தவே வேண்டாம். பழைய புரதமும் புதுப் புரதமும் கலக்கும் குழப்பம் கிடையாது.

ஆனால் நம் ஊரில் அதை ஓட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், தனி அறை எல்லாம் வேண்டும். கந்தகம்-35-இன் அரைவாழ்வு 87 நாள். வாங்கி நாற்பது நாள் ஆனால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் வாங்கியதும் வேலை முடிய வேண்டும். கழிவையோ அடங்க வைக்கப் பத்து அரைவாழ்வு, கிட்டத்தட்ட இரண்டரை வருஷம், பூட்டி வைக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த மெத்தியோனின் ஆவியாகி இன்குபேட்டர் முழுக்கப் படியும், கரித்தூள் வடிகட்டி வைக்காவிட்டால் பக்கத்துத் தட்டில் செல் வளர்ப்பவரும் கதிரியக்கம் பெறுவார். இந்த ஏற்பாடு முன்பே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் தெரிந்தவர் இருந்தால், இரண்டு மியூட்டண்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் உட்காருங்கள். எட்டு மியூட்டண்டுக்காகப் புதிதாகத் தொடங்குவது கொசுவுக்குப் பீரங்கி.

கதிரியக்கம் இல்லாமல், மெத்தியோனினுக்குப் பதில் அசைடு ஏறிய ஒத்த மூலக்கூறைக் கொடுத்துப் பிறகு பயோட்டின் மாட்டும் முறையும் உண்டு. நான் செய்ததில்லை. மடிப்பைப் பற்றி ஆராயும்போது சங்கிலியில் வேறு அமினோ அமிலத்தைச் செருகுவது எனக்கு உவப்பாகவும் இல்லை.

மேற்பரப்பு பயோட்டின்

புகுந்த வீட்டுக் கணக்கு இங்கேதான் கிடைக்கும். செல்லுக்குள் நுழைய முடியாத பயோட்டின் மருந்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்துச் செல்லில் ஊற்றினால், வெளிச்சவ்வில் தலைகாட்டும் புரதத்தில் மட்டும் ஒட்டும். மிச்சத்தைக் கிளைசினால் கழுவி, செல்லை 37 டிகிரிக்குத் திருப்பி அனுப்பி, 0, 2, 4, 8, 24 மணி என்று எடுத்து, பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் இழுத்தால், முதல் நாள் வாசலில் நின்றவற்றில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியும். புதிதாக வருபவற்றில் பயோட்டின் இருக்காது. ஆகவே சைக்ளோஹெக்சிமைடு தேவையே இல்லை, 24 மணி நேரமும் செல் நிம்மதியாக இருக்கும். நடுவே சல்ஃபர் பாலம் உள்ள பயோட்டின் வாங்கினால், வெளியில் இருப்பதை ரசாயனத்தால் உரித்துவிட்டு, உள்ளே இழுக்கப்பட்டது எவ்வளவு என்றும் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த முறை. அதே சமயம் எங்கள் ஊர்க் காற்றோடு அதிகம் சண்டை போடும் முறையும் இதுதான். இந்தப் பயோட்டின் மருந்துக்குத் தண்ணீர் ஆகாது, ஈரம் பட்டால் மெல்ல மெல்லச் செத்துவிடும். மைனஸ் 20-இலிருந்து எடுத்த குப்பியை ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே திறந்தால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பன்னீர் சோடா பாட்டில் மாதிரி உள்ளேயும் வேர்க்கும். கண்ணுக்குப் பொடி அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது. அந்தக் குப்பி இப்போது சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் டப்பாவாக இருக்கிறது. வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். தேவையானதை எடைபோட்டு, ஊற்றப்போகும் நிமிடத்தில்தான் கரைக்க வேண்டும். கரைத்து மிச்சம் வைப்பதில் பொருள் இல்லை. டிரிஸ் கரைசலில் கரைத்தால் பயோட்டின் டிரிஸ்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்து பார்த்த அண்ணன் ஒருவர் எங்கள் கூடத்தில் இருந்தார், பேர் வேண்டாம்.

இன்னொன்று செல். நாங்கள் பயன்படுத்துவது ஹெக்293, 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் உருவாக்கிய வம்சம். ஹெர்க்குக்கு உலகம் முழுக்க இதில்தான் வேலை நடக்கிறது. ஆனால் தட்டில் இதன் பிடி மகா பலவீனம். பனிக்கட்டி மேல் வைத்து மூன்று முறை கழுவினால் தோல் உரிவதுபோல மொத்தமாக உரிந்து வந்துவிடும். முந்தைய நாளே தட்டுக்குப் பாலிலைசின் பூச்சு கொடுங்கள். கழுவும் திரவத்தை நடுவில் கொட்டாமல் சுவரோரமாக விடுங்கள்.

மேற்பரப்பு வரிசையில் ஜி.ஏ.பி.டி.எச். போன்ற உள்செல் புரதம் தெரியக் கூடாது. தெரிந்தால் செல் செத்து வாய் பிளந்திருக்கிறது, உள்ளே இருந்ததிலும் பயோட்டின் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நாளின் முடிவைக் குப்பையில் போடுங்கள், மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஹெர்க்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: வெளியே பொட்டாசியம் குறைந்தால் ஹெர்க் மேல்சவ்விலிருந்து வேகமாக உள்ளே இழுக்கப்பட்டுச் சிதையும் என்பது 2009-இல் வெளியான விஷயம். 37 டிகிரியில் சேஸ் நடக்கும்போது ஊடகத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கட்டும்.

இந்த முறையின் எல்லை வெளிப்படை. வாசலுக்கே வராத மியூட்டண்டை இதில் அளக்க முடியாது. பூஜ்யத்தின் அரைவாழ்வு என்று ஒன்று கிடையாது.

இரண்டு வண்ணம்

ஒரே எம்.ஆர்.என்.ஏ.யிலிருந்து சிவப்புப் புரதம் தனியாகவும், பச்சைப் புரதம் ஹெர்க்கோடு ஒட்டியும் வரும்படி டி.என்.ஏ. கட்டுவார்கள். ஒரு செல்லுக்கு டி.என்.ஏ. அதிகம் போனதா குறைவாகப் போனதா என்பதைச் சிவப்பு சொல்லும், ஹெர்க் எவ்வளவு தங்கியது என்பதைப் பச்சை சொல்லும். விகிதத்தை ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொரு செல்லாக ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். கூடவே ஹெர்க்கின் வெளிவளையத்தில் எச்.ஏ. என்ற ஒன்பது அமினோ அமில அடையாளத்தைச் செருகி, செல்லை ஓட்டை போடாமல் எதிர்ப்புரதத்தால் தொட்டால், மொத்தத்தில் எத்தனை பங்கு வாசலில் என்பதும் அதே ஓட்டத்தில் கிடைக்கும். ஒரு புரதத்தின் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சடுதிமாற்றங்களை ஒரே மூச்சில் தரம் பிரிப்பதெல்லாம் இந்தக் குடும்பத்து முறைகளால்தான்.

குறைகள்? பச்சைப் புரதமே 238 அமினோ அமிலம், தானே கச்சிதமாக மடியக் கூடியது. ஹெர்க்கின் இரண்டு நுனிகளும் மடிப்பில் முக்கியப் பங்கு வகிக்கும் பகுதிகள். எந்த நுனியில் ஒட்டினாலும், ஒட்டாத புரதத்தோடு ஒரு முறையாவது ஒப்பிட்டாக வேண்டும். லைசோசோமின் அமிலத்தில் பச்சை அணைந்துவிடும், ஆனால் புரதம் அங்கே இன்னும் நறுங்காமல் கிடக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், விகிதம் காட்டுவது மறுபடியும் தொட்டியின் மட்டத்தைத்தான். மோட்டாரைச் சிவப்பால் சரிக்கட்டிவிட்டதால் ஒழுக்கை ஊகிக்கலாம், அவ்வளவுதான். மணிக்கணக்கு வேண்டும் என்றால் திரும்ப சைக்ளோஹெக்சிமைடுதான்.

எட்டு மியூட்டண்டுக்கு டி.என்.ஏ. கட்டி, வரிசை படித்துச் சரிபார்த்து, மையக் கருவிக்கூடத்தில் சைட்டோமீட்டருக்கு நேரம் வாங்குவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். முப்பது, நாற்பது என்று பட்டியல் நீண்டால் நான் இதைத்தான் எடுப்பேன். எட்டுக்கு வேண்டாம்.

எந்த வழியானாலும்

தற்காலிகமாக டி.என்.ஏ. ஏற்றிய செல்லில் ஹெர்க் கொட்டிக் குவியும். பிறந்த வீட்டுக் காவலாளிகளுக்கு மூச்சு முட்டும், நல்ல புரதத்திலேயே ஒரு பங்கு குப்பையாகத் திரளும். புரோட்டியாசோம் நிரம்பி வழிவதால் மியூட்டண்ட் உண்மையைவிட மெதுவாகச் சாவதுபோலத் தெரியும். மரபணுத் தொகுதியின் ஒரே இடத்தில் ஒரே பிரதி செருகிய நிலையான செல்வரிசை இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லையா, டி.என்.ஏ. அளவைப் பாதியாகவும் கால்வாசியாகவும் குறைத்து, அரைவாழ்வு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நீங்கள் அளந்தது புரதத்தை அல்ல, நெரிசலை.

குளிர்ச் சோதனையையும் விட வேண்டாம். ஜி601எஸ் போன்ற சில ஹெர்க் மியூட்டண்டுகள் 27 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் 155-ஆக மேலே வந்துவிடும். மடிப்பு சீர்திருத்தக் கூடியது என்பதற்கு இது நல்ல அடையாளம். வெளிநாட்டு வழிமுறைகளில் "இன்குபேட்டரை 27-இல் வைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புதுச்சேரியில் சித்திரை மாதம் அறையே 33. சாதாரண கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் சூடாக்கும் கம்பிதான் உண்டு, குளிரூட்டி கிடையாது. அறைச் சூட்டைவிட நாலைந்து டிகிரி மேலேதான் அது நிலையாக நிற்கும். 27 வேண்டும் என்றால் அறை 22-க்குக் கீழே இருக்க வேண்டும், ஏசி இரவு முழுக்க ஓட வேண்டும். நடுராத்திரி ஒரு மணி நேரம் கரன்ட் போனால் காலையில் திரையில் 27 என்றே இருக்கும், நடுவில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. உள்ளே ஒரு சின்ன வெப்பநிலைப் பதிவுக் கருவியைப் போட்டுவையுங்கள். பதிவைப் பார்க்காமல் எந்தக் குளிர்ச் சோதனை முடிவையும் நான் இப்போது ஏற்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஓடிக்கொண்டிருந்த தட்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடைசியில் போட்ட திட்டம்

எட்டுக்கும் முதலில் சும்மா ஒரு வெஸ்டர்ன், இரண்டு பேண்டும் தனித்தனியாக, வண்டலோடு சேர்த்து. கூடவே எம்.ஆர்.என்.ஏ. அளவு, மோட்டாரில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய. இது இரண்டு வாரம்.

அடுத்து எட்டுக்கும் சைக்ளோஹெக்சிமைடு, 8 மணி நேரம் வரை மட்டும், கடிகாரத்தைத் திருப்பிப் போட்டு. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அரை மணி நேரத்தில் பாதியாகக் குறையும் சி-மிக் புரதத்தையும் அதே பிளாட்டில் பார்க்க வேண்டும். சி-மிக் அப்படியே நின்றால் மருந்து பழசு. எம்.ஜி.132, பாஃபிலோமைசின் ஒரே ஒரு நேரப் புள்ளியில் போதும். இதோடு பிறந்த வீட்டுக் கணக்கு முடிந்தது.

155 உள்ளவற்றுக்கு மட்டும் பயோட்டின் சேஸ். 155 இல்லாதவற்றை 27 டிகிரியில் வைத்து, மேலே வருபவற்றுக்கும் அதே சேஸ். பயோட்டினும் மணிகளும் விலை அதிகம், எட்டுக்கும் செலவழிக்கத் தேவையில்லை. கதிரியக்கம் வேண்டாம். இரண்டு வண்ணம் இப்போது வேண்டாம்.

நேற்று முதல் கட்டம் முடிந்து அட்டவணையைக் கொண்டுவந்தாள். நான்கில் 155 சுத்தமாக இல்லை. மூன்றில் மங்கலாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் 135, 155 இரண்டும் நல்ல ஹெர்க் மாதிரியே, அளவிலும் குறையில்லை, வண்டலிலும் ஒன்றும் இல்லை. "அக்கா, இதுல ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. இந்த நோயாளிக்கு க்யூ.டி. நல்லா நீளமாத்தானே இருக்கு?" தப்பு இல்லை. அது வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை போலிருக்கிறது. அதற்கு இந்த நான்கு வழியும் உதவாது, கால்வாய் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் கருவி வைத்திருப்பவர்களிடம்தான் போக வேண்டும். அந்த வரிசைக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினாள்.